பயோமெட் படித்தால் லாப் வேலை கிடைக்குமா?

ஆகஸ்ட் நடுவில் ஏ-லெவல் முடிவுகள் வரும் வாரத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். "பிள்ளைக்கு மெடிசின் கிடைக்கேல்லை. பயோமெட் எடுக்கலாமோ? எந்த யூனி நல்லது?" கேட்பது பெரும்பாலும் அம்மாமார். பயோமெட் என்பது பயோமெடிக்கல் சயன்ஸ், அதாவது உயிர்மருத்துவ அறிவியல் பட்டம். நான் இங்கிலாந்தில் ஒரு என்.எச்.எஸ். (அரசு சுகாதார சேவை) ஆஸ்பத்திரியின் இரத்த வங்கி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களைப் பார்த்துக்கொள்வதும் என் வேலையில் ஒரு பகுதி. அதனால் கேள்வி என்னிடம் வருவதில் வியப்பில்லை. ஆனால் "எந்த யூனி நல்லது" என்று தொடங்கினால் பேச்சு நேராக ரேங்கிங் பட்டியலுக்குப் போய்விடும். லாப் வேலையைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலால் பெரிய உதவி இல்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பிரிட்டனில் "பயோமெடிக்கல் சயன்டிஸ்ட்" என்பது சட்டம் காக்கும் பெயர். எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் தன்னை அப்படி அழைத்துக்கொள்ள முடியும். பிசியோதெரபிஸ்ட், ரேடியோகிராபர், ஆம்புலன்ஸில் வரும் பாராமெடிக் என 15 தொழில்களை அந்த அமைப்பு பதிவு செய்கிறது, எங்கள் தொழிலும் அதில் ஒன்று. பதிவில்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். பயோமெடிக்கல் சயன்ஸில் முதல் வகுப்புப் பட்டம் எடுத்த பிள்ளையும், பதிவு வரும் வரை, சட்டத்தின் கண்ணில் பயோமெடிக்கல் சயன்டிஸ்ட் இல்லை. இதைப் பட்டமளிப்பு விழா முடிந்த பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

எச்.சி.பி.சி.யோடு இன்னொரு பெயரும் சேர்ந்து வரும்: ஐ.பி.எம்.எஸ். இது எங்கள் தொழிலின் சங்கம். 1912இல் ஆய்வுகூட உதவியாளர்கள் சேர்ந்து தொடங்கியது, பல பெயர்கள் மாறி 1994இல் இப்போதைய பெயருக்கு வந்தது. பல்கலைக்கழகப் பட்டங்களைப் பார்த்து அங்கீகாரம் கொடுப்பது இந்தச் சங்கம். ஆளைப் பதிவு செய்வது எச்.சி.பி.சி. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

பதிவுக்குப் போகும் வழி பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஐ.பி.எம்.எஸ். அங்கீகாரம் உள்ள ஆனர்ஸ் பட்டம். அதோடு, பயிற்சி கொடுக்க அதே சங்கத்தின் ஒப்புதல் பெற்ற ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பழகி, பதிவுப் பயிற்சிக் கோப்பு ஒன்றை நிரப்பி, தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு அந்தச் சான்றிதழைக் காட்டிப் பதிவு செய்யலாம். மற்றது, எச்.சி.பி.சி.யே நேரடியாக ஒப்புதல் கொடுத்த பட்டம். "அப்ளைட் பயோமெடிக்கல் சயன்ஸ்" அல்லது "ஹெல்த்கேர் சயன்ஸ்" என்ற பெயரில் வரும். ஆஸ்பத்திரிப் பயிற்சி படிப்புக்குள்ளேயே இருக்கும், முடித்ததும் நேராகப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது வகையில் இடங்கள் குறைவு. சில பல்கலைக்கழகங்களில் முதல் ஆண்டு எல்லோரும் சேர்ந்து படிப்பார்கள், பிறகு நேர்முகம் வைத்து ஒரு சிலரை மட்டும் அப்ளைட் பிரிவுக்கு எடுப்பார்கள். சேரும்போது கையில் இருப்பது அந்த இடமா, அல்லது அதற்குப் போட்டியிடும் வாய்ப்பு மட்டும்தானா என்பதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு அல்ல, படிப்புக்கு. ஒரே கட்டடத்தில், ஒரே ஆசிரியர்கள் நடத்தும் இரண்டு பட்டங்களில் ஒன்றுக்கு இருக்கும், மற்றதற்கு இருக்காது. சங்கத்தின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. அதில் படிப்பின் முழுப் பெயரையும் பார்க்க வேண்டும், உங்கள் பிள்ளை சேரும் ஆண்டுக்கு அது பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கீகாரம் நிரந்தரம் அல்ல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பரிசீலிக்கிறார்கள். விளம்பரத்தில் "அக்ரெடிட்டட்" என்று மட்டும் போட்டிருந்தால் யார் கொடுத்தது என்று பாருங்கள். ராயல் சொசைட்டி ஆஃப் பயாலஜியும் பட்டங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது. அது மரியாதையான அங்கீகாரம்தான், ஆனால் ஆஸ்பத்திரி லாப் பதிவுக்கு அதை வைத்துப் போக முடியாது.

எங்கள் ஆட்களுக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி இது. ரேங்கிங்கில் மேலே நிற்கும் பல பல்கலைக்கழகங்களின் உயிர்மருத்துவப் பட்டங்கள் இந்தப் பட்டியலில் இல்லை. ஆக்ஸ்போர்டில் பயோமெடிக்கல் சயன்ஸஸ் என்று ஒரு பட்டம் உண்டு. நரம்பியல், உயிரணு ஆராய்ச்சிப் பக்கம் போகிறவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது, ஆனால் அது ஆஸ்பத்திரி லாப் ஆளை உருவாக்க அமைத்த பட்டம் அல்ல. மறுபக்கம் வெஸ்ட்மின்ஸ்டர், போர்ட்ஸ்மவுத், ஷெஃபீல்ட் ஹாலம், அல்ஸ்டர் போன்ற இடங்கள் நெடுங்காலமாக ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து இந்தப் பட்டத்தை நடத்துகின்றன. கோயிலில் நாலு பேர் கேட்கும்போது சொல்ல எந்தப் பெயர் எடுப்பாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் நான் உட்கார்ந்திருக்கும்போது, அங்கீகாரம் உண்டா, பதிவு உண்டா, பயிற்சிக் கோப்பு முடிந்ததா என்றுதான் பார்ப்போம். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்தி நான் கண்டதில்லை.

அங்கீகாரம் இல்லாத பட்டம் எடுத்தவர்களுக்குக் கதவு முற்றாக மூடிவிடுவதில்லை. என் பெரியம்மாவின் மகள் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் நரம்பியல் படித்தாள். ஆராய்ச்சி அவளுக்கு ஒத்துவரவில்லை, ஆஸ்பத்திரி லாப்புக்கு வர விரும்பினாள். அப்படி வருகிறவர்கள் தங்கள் பட்டத்தைச் சங்கத்திடம் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். பாடம் பாடமாகப் பார்த்து, எதெது குறைகிறது என்று எழுதி அனுப்புவார்கள். அவளுக்கு மூளையைப் பற்றித் தெரியாதது இல்லை. இரத்தப் பரிமாற்றம், மருத்துவ நுண்ணுயிரியல், திசு நோயியல் ஆகியவற்றில் போதிய பாடம் இல்லை என்று பதில் வந்தது. அவற்றைத் தனித் தனி மொடியூலாகக் காசு கட்டிப் படிக்க வேண்டும், வேலையும் பார்த்துக்கொண்டு. படித்தாள், இப்போது பதிவும் ஆகிவிட்டது. ஆனால் முதலிலேயே இந்தப் பக்கம் என்று தெரிந்த பிள்ளை இந்தச் சுற்றுப்பாதையில் நடக்கத் தேவையில்லை.

சரி, அங்கீகாரம் உள்ள படிப்பாகப் பார்த்துச் சேர்ந்தாயிற்று. இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். எனக்குத் தெரிந்தவரை, சிக்கல் தொடங்குவதே இங்கேதான். அங்கீகாரம் பெற்ற படிப்புகள் நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நிறையப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பயிற்சிக் கோப்பை நிரப்ப ஆய்வுகூடத்தில் கிடைக்கும் இடங்கள் அந்த அளவுக்கு இல்லை. பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்: அந்தப் படிப்பிலிருந்து எத்தனை பேர் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகிறார்கள்?

இந்தப் பயிற்சி என்னவென்று கொஞ்சம் விரித்துச் சொன்னால் ஏன் இடம் குறைவு என்பது விளங்கும். எச்.சி.பி.சி. தொழிலுக்கு வருகிறவரிடம் எதிர்பார்க்கும் தகுதிகளை ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. கடைசியாக 2023 செப்டம்பரில் அதைப் புதுப்பித்தார்கள். மாணவர் அந்தத் தகுதிகளுக்கெல்லாம் சான்று காட்ட வேண்டும். நான் செய்த காலத்தில் அது தடித்த காகிதக் கோப்பு, இப்போது கணினியில். ஒவ்வொரு தகுதிக்கும் ஏதாவது ஒரு சான்று: நீங்கள் செய்த பரிசோதனையின் பதிவு, ஒரு பிரச்சினையை எப்படிக் கையாண்டீர்கள் என்ற குறிப்பு, பயிற்சியாளர் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதில். வழக்கமாக ஓராண்டு அளவில் இழுக்கும்.

உதாரணத்துக்கு ஒன்று. உயிர்வேதியியல் பகுதியில் பழகும் மாணவி ஒருத்தியின் கணினித் திரையில், ஒரு நோயாளியின் பொட்டாசியம் உயிருக்கே ஆபத்து என்னும் அளவுக்கு ஏறி நிற்கிறது. கால்சியமோ அடிமட்டத்தில். இயந்திரம் எண்ணைச் சரியாகத்தான் தந்திருக்கிறது. ஆனால் நோயாளி வார்டில் எழும்பி இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறார். என்ன நடந்தது? ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ.யின் பொட்டாசியம் உப்புப் போட்டிருக்கும். யாரோ அதிலிருந்து கொஞ்சத்தை உயிர்வேதியியலுக்கான மஞ்சள் மூடிக் குழாய்க்குள் ஊற்றியிருக்கிறார்கள். அந்த உப்பு பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும், ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைப் பார்த்ததும் அந்த முடிவை வெளியே விடாமல் நிறுத்தி, வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, புது இரத்தம் கேட்க வேண்டும். விரிவுரையில் இது ஒரு ஸ்லைடு. பயிற்சிக் கோப்பில், அந்த நேரத்தில் நீ என்ன செய்தாய், யாரிடம் என்ன சொன்னாய், எங்கே பதிந்தாய் என்று எழுத வேண்டும்.

கடைசியில் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரைச் சங்கம் நியமிக்கும். அவர் கோப்பைப் பார்ப்பார், பிறகு மாணவரே அவரை ஆய்வுகூடத்தைச் சுற்றிக் காட்டிக் கூட்டிப்போக வேண்டும். "இந்தக் குளிர்பெட்டியின் எச்சரிக்கை மணி இரவில் அடித்தால் என்ன செய்வாய்?" என்ற மாதிரிக் கேள்விகள் வழியில் வரும். நன்றாகப் படித்த பிள்ளைகளும் இதில் தடுமாறுவதுண்டு. அமைதியாக வேலை பார்த்த பிள்ளைகள், எதிர்பாராத விதமாக, நன்றாகச் செய்வதுண்டு.

இப்படி ஓராண்டு ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்கப் பதிவு பெற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் அன்றாட வேலையை விட்டுவிட்டுப் பழக்குவதில்லை, வேலைக்கு நடுவில்தான் பழக்குகிறார். ஆட்கள் குறைந்த லாப்பில் முதலில் வெட்டுப்படுவது பயிற்சிதான். இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 2017இல் இங்கிலாந்தின் என்.எச்.எஸ். ஆய்வுகூடங்களை 29 வலையமைப்புகளாக ஒன்றுசேர்க்கும் திட்டத்தை அறிவித்தார்கள். அதன்படி அவசரமில்லாத பரிசோதனைகள் ஒரு பெரிய மைய லாப்புக்குப் போகும், மற்ற ஆஸ்பத்திரிகளில் அவசரத்துக்கு மட்டும் சிறிய லாப் இருக்கும். பழக வரும் பிள்ளைக்கு இதனால் ஒரு தொல்லை உண்டு. சிறிய லாப்பில் நுண்ணுயிரியலும் திசு நோயியலும் பார்க்கவே கிடைக்காது, மைய லாப்போ வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணமாக இருக்கலாம்.

ஆகவே பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க விடும் திறந்த நாளுக்குப் போகும்போது கட்டடத்தையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு வராதீர்கள். படிப்பை நடத்தும் விரிவுரையாளரைப் பிடித்துக் கேளுங்கள். போன ஆண்டு எத்தனை பேர் ஆஸ்பத்திரிப் பயிற்சி ஆண்டுக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது? இடத்தைப் பல்கலைக்கழகம் தேடிக் கொடுக்குமா, மாணவர் தானே மின்னஞ்சல் அனுப்பித் தேட வேண்டுமா? எந்தெந்த ஆஸ்பத்திரிகளோடு ஒப்பந்தம்? ஆண்டு முடிவில் பயிற்சிக் கோப்பு முழுதாக முடியுமா, அல்லது அனுபவம் மட்டும்தானா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். "இண்டஸ்ட்ரி பிளேஸ்மன்ட்" என்று போட்டிருப்பார்கள், பிள்ளை ஓராண்டு ஒரு மருந்துக் கம்பெனியில் நல்ல வேலை பழகிவிட்டு வரும். பழகியது வீணில்லை, ஆனால் பதிவுக் கோப்பில் ஒரு பக்கமும் நிரம்பியிருக்காது. எண்களைக் கேட்டதும் "நிறையப் பேர் போகிறார்கள்" என்று சிரித்துக்கொண்டு நகர்ந்தால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம். நல்ல படிப்பை நடத்துகிறவர் எண்ணைத் தயங்காமல் சொல்வார், குறைவாக இருந்தாலும் சொல்வார்.

காசு விஷயம். மூன்று ஆண்டுப் படிப்புக்கு நடுவில் பயிற்சி ஆண்டு ஒன்று வந்தால் மொத்தம் நான்கு ஆண்டுகள். இங்கிலாந்தில் 2025-26இல் உள்நாட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 9,535 பவுண்ட். பயிற்சி ஆண்டுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்க முடியாது. ஆஸ்பத்திரிப் பயிற்சி ஆண்டு பெரும்பாலும் சம்பளம் இல்லாதது. இதைக் கேட்டதும் அப்பாமாருக்கு முகம் சுருங்கும். "ஒரு வருசம் சும்மா வேலை செய்யிறதோ?" சும்மா இல்லை. அந்த ஆண்டில் கோப்பை முடித்துவிட்டு வரும் பிள்ளை, பட்டம் வந்தவுடன் பதிவு செய்து நேராகப் பயோமெடிக்கல் சயன்டிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதைத் தவிர்த்து மூன்று ஆண்டில் வெளியே வருகிற பிள்ளை, அதே கோப்பை முடிக்க இன்னும் எத்தனை ஆண்டு காத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊதியமில்லாத ஆஸ்பத்திரிப் பயிற்சியில் இருப்பவருக்கு வாழ்க்கைச் செலவுக் கடனைக் குறைக்காமல் கொடுக்கும் விதியும் உண்டு. கடன் விண்ணப்பத்தில் அது என்ன வகைப் பயிற்சி என்று சரியாகக் குறிப்பிட வேண்டும். முடிந்தால் வீட்டிலிருந்தோ சொந்தக்காரர் வீட்டிலிருந்தோ போய்வரக்கூடிய ஆஸ்பத்திரியாகப் பார்ப்பது நல்லது, லண்டனில் அறை வாடகை கொடுத்துக்கொண்டு சம்பளமில்லாமல் ஓராண்டு இருப்பது எல்லா வீட்டுக்கும் இயலாது.

பயிற்சி இடம் கிடைக்காமல் பட்டம் முடித்தவர்கள் வழக்கமாகப் பிடிக்கும் வழி, ஆய்வுகூட உதவியாளர் வேலை. என்.எச்.எஸ். சம்பள அடுக்கில் பேண்ட் 2 அல்லது 3. மாதிரிகளைப் பெற்றுப் பதிவது, குழாய்களைச் சுழற்றுவது, இயந்திரத்தில் ஏற்றுவது. லாப்பின் நடைமுறை கையில் ஏறும், ஆட்களுக்கு முகம் பழகும், பிறகு உள்ளேயிருந்தே பயிற்சி இடம் கிடைக்கலாம். எங்கள் லாப்பிலேயே அப்படி வந்தவர்கள் உண்டு, அவர்களில் சிலர் இப்போது மிகச் சிறந்த வேலையாட்கள். ஆனால் வருகிற எல்லோருக்கும் நடப்பதில்லை. ஒரே உதவியாளர் கூட்டத்தில் பட்டதாரிகள் பலர், கோப்பு இடம் ஒன்று, அதுவும் அந்த ஆண்டு பட்ஜெட் விட்டால்தான். நேர்முகத்தில் கேட்க வெட்கப்படாதீர்கள்: இந்த லாப் பதிவுப் பயிற்சிக்கு ஒப்புதல் பெற்றதா, போன சில ஆண்டுகளில் உதவியாளர்களில் யாராவது கோப்பு முடித்தார்களா? கேட்பதால் வேலை போகாது. நான் நேர்முகம் எடுக்கும்போது இதைக் கேட்கும் பிள்ளையின் மேல் எனக்கு மதிப்புத்தான் கூடுகிறது.

பட்டப் பயிற்சித் தொழிலாளியாக வரும் வழியும் உண்டு. ஆஸ்பத்திரி லாப் சம்பளம் கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொள்ளும், படிப்புக் கட்டணத்தைப் பிள்ளை கட்டத் தேவையில்லை, வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் எடுக்கலாம். எங்கள் குடும்பங்களில் "அப்ரண்டிஸ்" என்றால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஊரில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள் வேறு. இங்கே அது கடன் இல்லாமல் கிடைக்கும் அதே ஆனர்ஸ் பட்டம். இடம் குறைவு, விளம்பரம் வந்து சீக்கிரம் மூடிவிடும் என்பதுதான் பிரச்சினை. என்.எச்.எஸ். வேலை இணையதளத்தில் அறிவிப்பு மின்னஞ்சல் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே எம்.எஸ்.ஸி. பயோமெடிக்கல் சயன்ஸ் படிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதில்தான் அதிகக் காசு கரைகிறது. ஐ.பி.எம்.எஸ். அங்கீகாரம் பெற்ற எம்.எஸ்.ஸி.கள் இருக்கின்றன. அவை ஏற்கெனவே பதிவு பெற்றவர்கள் மேலே போகப் படிப்பவை. ஊரில் பயோடெக்னாலஜியோ மைக்ரோபயாலஜியோ பி.எஸ்.ஸி. முடித்த ஒருவர், அந்த எம்.எஸ்.ஸி.யை முடித்தார் என்பதற்காக மட்டும் பதிவு பெற முடியாது. முகவர்கள் காட்டும் கையேட்டில் "அங்கீகாரம்" என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கும், எதற்கான அங்கீகாரம் என்பது இருக்காது. எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த திருச்சிப் பையன் ஒருவன் அப்படித்தான் வந்தான். கெட்டிக்காரன். படிப்பு முடிந்து விசாக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, தன் பி.எஸ்.ஸி.யை மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியவந்தது.

ஊரில் எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம்) பட்டம் எடுத்து ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்களின் நிலை வேறு. எச்.சி.பி.சி.யில் வெளிநாட்டில் பயின்றவர்களுக்கென்று ஒரு விண்ணப்பவழி இருக்கிறது, ஊரிலிருந்தபடியே விண்ணப்பிக்கலாம். உங்கள் பாடத்திட்டத்தையும் வேலை அனுபவத்தையும் இங்குள்ள தகுதிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக்கூடாது. எழுத்துப் பகுதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகம் தந்த பாடவிவரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். பட்டச் சான்றிதழை எல்லோரும் வைத்திருப்பார்கள், எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் என்ன படித்தோம் என்ற விவரம்தான் தேடும்போது கிடைக்காது. இந்த விண்ணப்பத்தை முதலில் போட்டுப் பார்த்து, என்ன பதில் வருகிறது என்று அறிந்த பிறகு எம்.எஸ்.ஸி.க்கு வீட்டை அடகு வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

மெடிசினுக்குப் பின்கதவாகப் பயோமெட்டைப் பார்ப்பவர்களுக்கு அதிகம் சொல்ல இல்லை. பட்டம் முடித்துவிட்டு நான்கு ஆண்டு மருத்துவப் படிப்புக்குப் போகும் வழி உண்டு, போட்டி மிகக் கடுமை. அதுதான் குறி என்றால் நல்ல வகுப்பு வரக்கூடிய பட்டமாகப் பார்த்து எடுக்கலாம், ஐ.பி.எம்.எஸ். அங்கீகாரம் கட்டாயமில்லை. ஆனால் அங்கீகாரமுள்ள பட்டமாக எடுத்து வைத்தால், அந்தக் கதவு திறக்காத பட்சத்தில் கையில் ஒரு தொழில் இருக்கும். மருத்துவம் கிடைக்காத துக்கத்தோடு லாப்புக்கு வந்து, ஒரு வருடத்தில் அந்தத் துக்கத்தையே மறந்துவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மறக்காதவர்களும் உண்டு, அவர்களோடு வேலை செய்வது சிரமம்.

வேலை எப்படி? பிரிவைப் பொறுத்தது. திசு நோயியலில் மெழுகில் பதித்த திசுவை மூன்று நான்கு மைக்ரோன் தடிப்பில் சீவ வேண்டும், கைத்திறன் இல்லாதவருக்கு அது ஒத்துவராது. பெரும்பாலும் பகல் வேலை. நுண்ணுயிரியலில் தட்டுகளைப் பார்த்துக் கிருமியை அடையாளம் காண்பது, கொஞ்சம் மணமும் பழக வேண்டும். என் இரத்த வங்கியில் இரவு வேலை உண்டு. பிரசவ வார்டிலோ விபத்துப் பிரிவிலோ ஒருவருக்கு இரத்தம் நிற்காமல் போனால் தொலைபேசி அடிக்கும், வகை தெரியாத நேரத்தில் ஓ நெகட்டிவ் பைகள் உடனே கதவைத் தாண்ட வேண்டும். அந்த நேரத்தில் லாப்பில் நீங்கள் மட்டும் தனியாக இருக்கலாம். இது பிடிக்கிறவர்களுக்கு வேறு எதுவும் பிடிக்காது. நிறக்குருடு உள்ளவர்கள் முன்பே பல்கலைக்கழகத்திடம் பேசிவிடுவது நல்லது, சில பிரிவுகளில் நிறம் பார்த்து முடிவு சொல்ல வேண்டியிருக்கும்.

சம்பளம் பதிவுக்குப் பிறகு பேண்ட் 5இல் தொடங்கும். 2025-26இல் இங்கிலாந்தில் அது 31,049இலிருந்து 37,796 பவுண்ட் வரை, லண்டனில் மேலதிகப் படி உண்டு, இரவு வேலைக்கும் தனியாக வரும். சிறப்பு டிப்ளோமா முடித்துத் தேறினால் பேண்ட் 6க்குப் போகலாம். டாக்டர் சம்பளம் இல்லை. பதிவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தொடர்ந்து கற்கிறோம் என்று காட்டும்படி சிலரைத் தேர்ந்தெடுத்துக் கேட்பார்கள், குறிப்புகளை அவ்வப்போது எழுதி வைக்காதவர்கள் அந்தக் கடிதம் வந்த வாரத்தில் தூங்க மாட்டார்கள்.

இனித் தேதிகள். யூகாஸ் (பல்கலைக்கழக அனுமதிக்கான பொது விண்ணப்ப அமைப்பு) விண்ணப்பத்துக்கு ஜனவரிக் கடைசித் தேதியை வைத்துக்கொண்டு, திறந்த நாள்களுக்கு அதற்கு முந்திய கோடையிலும் இலையுதிர் காலத்திலும் போய்விடுங்கள். படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்ற கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆகஸ்டில், மீதி இடங்களை நிரப்பும் கிளியரிங்கில் இடம் எடுப்பவர்களும் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்கலாம், தொலைபேசியில் இடம் தருகிறவரிடம் படிப்பின் சரியான பெயரையும் குறியீட்டையும் கேட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டியலைத் திறந்து பார்க்கலாம். பயிற்சி ஆண்டுக்கான நேர்முகங்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் நடக்கும். எங்களிடம் வருகிற விண்ணப்பங்களில் மதிப்பெண் எல்லோரிடமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு லாப்பை முன்பே போய்ப் பார்த்தவர், அங்கே என்ன நடக்கிறது என்று நாலு வரி சொந்தமாக எழுதியவர், தடுப்பூசிப் பதிவுகளைக் கையில் வைத்திருப்பவர் முன்னால் நிற்பார். லாப்பைச் சுற்றிப் பார்க்க வேண்டுமானால் முதலாம் ஆண்டு முடியும் கோடையில் பயிற்சி அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். ஜூலையில் எங்களுக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கும், செப்டம்பரில் புது மாணவர்கள் வந்த பிறகு எழுதினால் பதில் வரத் தாமதமாகும்.